ஜோடியா உட்காரலாம்... ஈஸியா எழுந்திருக்க முடியுமா? - இருவர் கேம்பிங் நாற்காலி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

மூன்று நாள் தொடர் விடுமுறை வந்தால் போதும்... ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை என்று கார்கள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. ஹோட்டல் ரூமுக்குப் பதிலாக டென்ட், ரெஸ்டாரன்ட்டுக்குப் பதிலாக கேஸ் ஸ்டவ் என்று கேம்பிங் பக்கம் திரும்பியிருக்கும் குடும்பங்களும் அதிகம். டென்ட்டுக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் நாள்கணக்கில் ஆன்லைனில் தேடுகிறவர்கள், நாற்காலியை மட்டும் 'ஏதோ ஒண்ணு' என்று கடைசி நிமிடத்தில் கார்ட்டில் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். டென்ட்டுக்குள் நாம் தூங்கத்தான் போகிறோம். சாயங்காலம் டீ குடிப்பது, இரவு பேசிக்கொண்டிருப்பது, காலையில் பனி விலகுவதைப் பார்ப்பது எல்லாமே நாற்காலியில்தான்.

அதிலும் இப்போது இருவர் சேர்ந்து உட்காரும் மடக்கு நாற்காலிகள் நிறைய வருகின்றன. பார்க்க ஒரு குட்டி சோபா போல இருக்கும். தம்பதிக்கு, அம்மா - மகளுக்கு, தாத்தா - பேத்திக்கு என்று யாருக்கும் பொருந்தும்போலத் தெரியும். படத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். இருவரில் யாருக்கு எழுந்திருக்கச் சிரமமோ, அவரை மனதில் வைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன், எப்படி? பார்க்கலாம்.

கயிற்றுக் கட்டில் கதைதான்!

கயிற்றுக் கட்டிலில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் சரிந்து தாத்தா மேலேயே போய்ச் சாய்ந்திருப்போம். எடை அதிகமானவர் உட்கார்ந்த இடத்தில் கயிறு இறங்கும். லேசானவர் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிவார்.

இருவர் கேம்பிங் நாற்காலியிலும் இதேதான் நடக்கும். ஒரே துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டியிருந்தால், 80 கிலோ கணவரும் 55 கிலோ மனைவியும் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் மனைவி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார். முதலில் ரொமான்டிக்காக இருக்கலாம். ஒரு மணி நேரம் இடுப்பை வளைத்து உட்கார்ந்தால் மறுநாள் காலையில் தெரியும் கதை!

கட்டில் என்றால் கயிற்றை இழுத்துக் கட்டிவிடலாம். இந்த நாற்காலியில் அது முடியாது. அதனால் வாங்கும்போதே நடுப்பகுதியைப் பாருங்கள். இருக்கைத் துணி இரண்டு தனி இருக்கைகளாகப் பிரித்துத் தைக்கப்பட்டிருக்கிறதா? நடுவில் தாங்குவதற்குக் கம்பியோ, கால்களோ இருக்கின்றனவா? இரண்டும் இருந்தால் ஒருவர் எடை அடுத்தவரை இழுக்காது. இரண்டும் இல்லையென்றால், அது ஒருவர் தாராளமாகக் கால் நீட்டி உட்காரும் நாற்காலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உயரம்தான் முதல் கேள்வி

ஒருமுறை உறவினர்களோடு ஏலகிரி போயிருந்தபோது கவனித்த விஷயம் இது. எல்லோரும் தாழ்வான மடக்கு நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, முழங்கால் வலி உள்ள சித்தி மட்டும் காரின் கதவைத் திறந்துவைத்து, முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்கு இங்கயே காத்து வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காரணம் காற்று இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அது அவருக்குச் சங்கடம்.

நம் வீட்டு டைனிங் டேபிள் நாற்காலியின் இருக்கை, தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கேம்பிங் நாற்காலிகளில் பல 30 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கின்றன. உட்கார்ந்ததும் துணி இன்னும் இறங்கும். அப்போது இடுப்பு கீழேயும் முழங்கால் மேலேயும் இருக்கும். அந்த நிலையிலிருந்து எழுந்திருக்க, உடல் எடை மொத்தத்தையும் தொடையும் முழங்காலும்தான் தூக்க வேண்டும். 25 வயதில் இது ஒரு விஷயமே இல்லை. 60 வயதிலும், கர்ப்ப காலத்திலும் பெரிய விஷயம்.

வீட்டிலேயே ஒரு சின்ன அளவு எடுக்கலாம். எழுந்திருக்கச் சிரமப்படுபவரைச் செருப்போடு நிற்கச் சொல்லி, முழங்காலின் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளங்கள். நாற்காலியில் ஆள் உட்கார்ந்து துணி இறங்கிய பிறகும், இருக்கை அந்த உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். லேபிளில் இருப்பது பெரும்பாலும் காலி நாற்காலியின் உயரம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தாழ்வான இருக்கை வேண்டாம் என்று டாக்டர்கள் பொதுவாகவே எச்சரிப்பார்கள். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆளுக்கு ஒரு கைப்பிடிதான்!

இருவர் நாற்காலியில் பலரும் கவனிக்காத விஷயம் இது. ஒற்றை நாற்காலியில் இரண்டு பக்கமும் கை ஊன்றி எழுந்திருக்கலாம். இதில் இடது பக்கம் உட்காருபவருக்கு இடது கைப்பிடி மட்டும், வலது பக்கம் உட்காருபவருக்கு வலது கைப்பிடி மட்டும். நடுவில் ஊன்றுவதற்கு ஒன்றும் இருக்காது. சில மாடல்களில் நடுவில் கப் ஹோல்டரோடு ஒரு துணிப்பட்டை இருக்கும். அது டம்ளரைத் தாங்கும், ஆளைத் தாங்காது.

இதை வைத்து இரண்டு முடிவுகள் எடுக்கலாம்.

ஒன்று, கைப்பிடி உறுதியானதாக இருக்க வேண்டும். வெறும் துணியை இழுத்துக் கட்டிய கைப்பிடியில் எடை போட்டு எழுந்தால், அது பக்கவாட்டில் வளைந்து ஆளையும் சாய்த்துவிடும். அடியில் கம்பி போகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டு, யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அம்மாவுக்கு வலது கைதான் பலம் என்றால் வலது ஓரத்தில் உட்காரட்டும். பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பலமான கைக்குக் கைப்பிடி கிடைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் 'டக்'கென்று எழுந்தால் நாற்காலி ஆடும். அடுத்தவர் கையில் சூடான டீ இருந்தால் ஆபத்து. எழுந்திருக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுவது நல்லது.

'200 கிலோ தாங்கும்' என்றால் என்ன அர்த்தம்?

எல்லா மாடல்களிலும் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பது இதுதான். 200 கிலோ என்றால், இரண்டு பக்கமும் எடை சமமாகப் பரவி, அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது தாங்கும் எடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது பக்கத்துக்கு 100 கிலோ. வீட்டில் ஒருவர் 110 கிலோ என்றால், மொத்த எடை 200-க்குள் இருந்தாலும் அவர் பக்கத்துக்கு அது அதிகம்தான்.

அடுத்தது, நாம் யாரும் பூப்போல உட்காருவதில்லை. நடந்து களைத்துப்போய் 'அப்பாடா' என்று தொப்பென்று விழும்போது, அந்த நொடியில் சட்டத்தின் மீது விழும் விசை நம் உடல் எடையைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கணவர் 80, மனைவி 65, மடியில் ஏறும் குழந்தை 15 என்றால் 160 கிலோ. இவர்களுக்கு 160 என்று எழுதிய நாற்காலி போதாது. நல்ல இடைவெளிவிட்டு, 200 கிலோவுக்கு மேல் தாங்கும் மாடலாகப் பாருங்கள்.

நம்பரை மட்டும் பார்க்காமல், நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கம்பிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் மூட்டுகள் இருந்தால், அவை தடிமனாக, விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். துணி கம்பியோடு சேரும் மூலைகளில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். எடை முழுவதும் வந்து இழுக்கும் இடங்கள் இவைதான்.

அகலம்: லேபிளில் இருப்பது வேறு, நமக்குக் கிடைப்பது வேறு

'அகலம் 110 செ.மீ' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் கைப்பிடிகளையும் சேர்த்த வெளி அளவு. உட்காருவதற்குக் கிடைக்கும் உள் அளவைக் கேளுங்கள். ஆளுக்கு 50 சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்தால், உள்ளே ஒரு மீட்டராவது வேண்டும். கொடைக்கானல் குளிரில் ஸ்வெட்டர், ஜெர்கின் எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருவோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழமும் முக்கியம். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது, முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன் கம்பி தொடையை அழுத்திக் கால் மரத்துப்போகும். உயரம் குறைவானவர்களுக்கு இந்தப் பிரச்னை அதிகம். இருவரில் குள்ளமானவர் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரியான சோதனை.

சாய்மானம் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாப்பிட, சீட்டாட நிமிர்ந்த சாய்மானம் வசதி. டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சம் தொடும் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவைப் பார்க்க ஜவ்வாது மலைப் பக்கம் போகிறீர்கள் என்றால், தலையைத் தாங்கும் உயரமான சாய்மானம் இருந்தால்தான் கழுத்து தப்பிக்கும்.

மூன்று வகை... எது யாருக்கு?

குடை மாதிரி மடங்குவது: நான்கு பக்கமும் உள்நோக்கிச் சுருங்கி, நீளமான பைக்குள் போய்விடும். இருவர் நாற்காலிகளில் அதிகம் கிடைப்பது இதுதான். விரிப்பதும் மடக்குவதும் சுலபம். ஆனால் இருக்கை தொட்டில்போல இறங்கும். நடுவில் தாங்குகால் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் இளம் தம்பதிக்கு ஓகே.

பெஞ்ச் மாதிரி தட்டையாக மடங்குவது: இருக்கை இறுக்கமாகவும் உயரமாகவும் இருக்கும். கைப்பிடியும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பெரியவர்களுக்கு இதுதான் என் சாய்ஸ். ஆனால் மடக்கினாலும் பெரிய பலகைபோல இருக்கும். கார் டிக்கியில் மற்ற லக்கேஜுக்கு அடியில் படுக்கவைத்துவிடலாம்.

கம்பிகளைக் கழற்றி மாட்டுவது: டென்ட் கம்பிபோல ஒன்றுக்குள் ஒன்று செருகி, மேலே துணியை மாட்ட வேண்டும். எடை மிகக் குறைவு என்பதால் தோளில் சுமந்து நடப்பவர்களுக்கு ஏற்றது. பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். இருவர் மாடல்களும் குறைவு.

ரூர்க்கியிலிருந்து ஒரு பாடம்

மடக்கு நாற்காலி வரலாற்றில் நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயர் இருக்கிறது தெரியுமா? இப்போது உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கும் ரூர்க்கிதான் அது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு அங்கே இருந்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் முகாம்களுக்குத் தூக்கிப்போக உருவான 'ரூர்க்கி நாற்காலி'க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. மரக் கால்கள், குறுக்குக் கட்டைகள், கேன்வாஸ் துணி... அவ்வளவுதான். சட்டத்துக்குப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. டென்மார்க் வடிவமைப்பாளர் கோரே கிளின்ட் 1933-ல் உருவாக்கிய புகழ்பெற்ற 'சஃபாரி நாற்காலி'க்கும் இதுதான் முன்மாதிரி.

அதன் சிறப்பு என்னவென்றால், மூட்டுகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதனால் மேடு பள்ளமான தரையிலும் நான்கு கால்களும் மண்ணைத் தொட்டு நிற்கும். இருவர் நாற்காலியில் இது பெரிய சவால். நீளம் அதிகம், சிலவற்றில் ஆறு கால்கள். ஷோரூம் டைல்ஸ் தரையில் கச்சிதமாக நிற்கும் நாற்காலி, மலைச் சரிவில் ஒரு கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். கடையிலேயே ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையை வைத்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்து நிற்கிறதா, அல்லது தடதடவென்று ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.

கால்களின் அடிப்பகுதி அகலமாக இருப்பதும் நல்லது. மெல்லிய கால்கள் கடற்கரை மணலிலும் மழை பெய்த புல்தரையிலும் புதைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் நாற்காலியே கவிழலாம். நான்கு சின்னப் பலகைத் துண்டுகளை பையில் போட்டுக்கொள்ளுங்கள், சமாளிக்கலாம்.

துணி, கம்பி... என்ன பார்க்க வேண்டும்?

'600டி பாலியஸ்டர்' என்று எழுதியிருப்பார்கள். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். எண் கூடக் கூட நூல் தடிமன். இரண்டு பேர் எடை தாங்கும் இருக்கைக்கு 600-க்குக் குறையாமல் பாருங்கள்.

வலைத்துணி காற்றோட்டமானது. சென்னை மொட்டை மாடிக்கும் கடற்கரைக்கும் சூப்பர். ஆனால் ஊட்டியில் அதே வலை வழியாகக் குளிர் காற்று முதுகில் ஏறும். குளிர்ப் பிரதேசத்தில் போர்வையை மேலே போர்த்துவதோடு, இன்னொன்றை அடியில் விரித்து உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

கம்பியில் ஸ்டீல், அலுமினியம் என இரண்டு உண்டு. ஒரே கன அளவுக்கு அலுமினியத்தின் எடை ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். துருவும் பிடிக்காது. விலைதான் அதிகம். அடிக்கடி கடற்கரைக்குப் போகிறவர்கள் அலுமினியம் வாங்கலாம். காரிலிருந்து இறக்கி பத்தடி தூரத்தில் போட்டு உட்காருகிறவர்களுக்கு நல்ல பெயின்ட் பூச்சுள்ள ஸ்டீலே போதும்.

எப்படித் தூக்கிப்போவீர்கள்?

இருவர் நாற்காலி மடக்கிய பிறகும் ஒரு மீட்டர் அளவுக்கு நீளமாக இருக்கும். எடையும் பல மாடல்களில் 5 கிலோவைத் தாண்டும். வாங்கும் முன் உங்கள் கார் டிக்கியை அளந்துவிடுங்கள். குறுக்கே நுழையாவிட்டாலும் மூலைவாட்டில் நுழையலாம்.

ரயிலில் பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டி, படுக்கைகளுக்கு 100 செ.மீ x 60 செ.மீ x 25 செ.மீ என்று அளவு உண்டு. அதைத் தாண்டாத பையாகப் பார்ப்பது நல்லது. டூவீலரில் ஒரு மீட்டர் பையைக் குறுக்காக வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போவது கண்டிப்பாக வேண்டாம்.

ஒன்றா, இரண்டா?

நேர்மையாகச் சொன்னால், எல்லோருக்கும் இருவர் நாற்காலி தேவையில்லை. இருவருக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, ஒருவருக்கு உயரமான இருக்கையும் இன்னொருவருக்குச் சாய்ந்த இருக்கையும் பிடித்திருந்தாலோ, இரண்டு ஒற்றை நாற்காலிகள்தான் நல்லது. இரண்டு பக்கமும் கைப்பிடி கிடைக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருவர் நாற்காலி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. குழந்தையை நடுவில் உட்காரவைத்துக் கதை சொல்ல, ஒரே போர்வையைப் போர்த்திக்கொள்ள, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான் காது கேட்கும் என்கிற பாட்டியோடு பேச... இதற்கெல்லாம் இரண்டு தனி நாற்காலிகள் ஈடாகாது.

கடையில் 10 நிமிட டெஸ்ட்

* இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போங்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டாம்.

* 10 நிமிடம் உட்காருங்கள். யார், எந்தப் பக்கம் சரிகிறீர்கள் என்று பாருங்கள்.

* இடம் மாறி உட்காருங்கள்.

* ஒருவர் எழுந்திருங்கள். மற்றவர் பக்கம் நாற்காலி தூக்குகிறதா, சாய்கிறதா?

* எழுந்திருக்கச் சிரமப்படுபவர், யார் கையையும் பிடிக்காமல் மூன்று முறை உட்கார்ந்து எழட்டும்.

* நீங்களே ஒருமுறை மடக்கிப் பையில் போடுங்கள். மடக்கும்போது விரல் நசுங்கும் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால், ஐந்து ஸ்டார் ரிவ்யூக்களைவிட, ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். எந்த இடத்தில் உடைந்தது, எங்கே கிழிந்தது என்று அதில் தெரியும். பார்சல் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே இந்த டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பது இருக்க வேண்டும் என்பது விதி. குறைபாடுள்ள பொருளை மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வாங்கிய பிறகு...

பாலியஸ்டர் துணி தீயில் உருகும். உருகிய துணி தோலில் ஒட்டினால் காயம் மோசமாகும். கேம்ப் ஃபயர் அனுமதிக்கப்பட்ட இடத்தில், தீப்பொறி வந்து விழாத தூரத்தில் நாற்காலியைப் போடுங்கள். தாழ்வான நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து விலக முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

மலையில் பனியில் நனைந்த நாற்காலியை அப்படியே பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் பூஞ்சை பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு மடக்குங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி உப்பையும் மணலையும் எடுத்துவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் துணி இற்றுப்போகும். வெளியில் திடமாகத் தெரிந்தாலும் ஒருநாள் உட்காரும்போது கிழியும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தையலையும் மூட்டுகளையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

கலர், கப் ஹோல்டர், மொபைல் பாக்கெட் எல்லாம் கடைசியில் பார்க்கலாம். கடைக்குப் போனதும் வீட்டில் யாருக்கு முழங்கால் வலிக்கிறதோ, அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் கை ஊன்றித் தானாக எழுந்துவிட்டால், அந்த நாற்காலியில் உங்கள் வீட்டில் யாரும் உட்காரலாம். அடுத்த ட்ரிப்பில் யாரும் கார் சீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை!